ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கக் கூடாதா?

நேற்று இரவு பத்து மணிக்கு அலுவலக சர்வர் அறையின் தரையில், மடியில் லேப்டாப்புடன் உட்கார்ந்திருந்தேன். எதிரே அலுவலகக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் 24 போர்ட் நெட்வொர்க் சுவிட்ச். பச்சை விளக்குகள் ஒழுங்காக மினுக்குகின்றன, 'இருக்கிறாயா' என்று பிங் கொடுத்தால் பதில் வருகிறது, உள்ளே நுழையத்தான் வழியில்லை.

பிரவுசரில் திறக்கும் அதன் நிர்வாகப் பக்கம், டிஎல்எஸ் 1.0 என்ற பழைய பாதுகாப்பு முறையை மட்டுமே அறிந்தது. 2020-லேயே பிரவுசர்கள் அதைக் கைவிட்டுவிட்டன. சரி, லேப்டாப்பை நேரடியாகச் சுவிட்சோடு இணைக்கும் கன்சோல் கேபிளைச் செருகினேன். தகவல் போய்வரும் வேகத்தை 9600 என்று வைத்தால் திரை முழுக்கப் புரியாத கிறுக்கல். அரை மணி நேரம் கேபிளைத்தான் சந்தேகித்தேன். 115200-க்கு மாற்றியதும் 'லாகின்' என்ற சொல் தெளிவாக வந்து நின்றது.

கடவுச்சொல்? அமைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எனக்கு ஆத்திரமே அதில்தான். ஒரு துண்டுச் சீட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வரி, அவ்வளவுதானே! ரீசெட் பொத்தானை அழுத்தினால் கடவுச்சொல்லோடு, எந்த போர்ட் எந்தப் பிரிவு நெட்வொர்க்கில் என்று பிரித்து வைக்கும் விலான் அமைப்பு மொத்தமும் அழிந்துவிடும். அமைப்பின் நகலும் இல்லை.

வேறு வழியின்றி அழுத்தினேன். எந்த கேபிள் எந்த மேசைக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, விடியற்காலை மூன்று மணிக்குத்தான் கடைசி போர்ட்டை முடித்தேன்.