படிக்கட்டு விளக்கும் பாக்கெட் உதவியாளரும்

(மாலை ஏழு மணி. மாடி வீட்டின் வாசலில் மருமகன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறான். கூடத்தில் மாமா காதில் இயர்போனும் கையில் உள்ளங்கை அளவிலான ஒரு சாம்பல் நிறக் கருவியுமாக அமர்ந்திருக்கிறார். நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக இவ்வளவு நேரத்தைச் செலவழிக்கும் மனிதர் வேறொருவர் இருப்பாரா என்பது சந்தேகமே.)

மருமகன்: மாமா, படிக்கட்டு விளக்கு இன்னும் எரியவில்லையே! படிகள் முடிந்துவிட்டன என்று நினைத்து வீராப்பாக நடந்தேன். இன்னும் ஒரு படி பாக்கி இருந்தது.

மாமா: (ஒரு விரலை உயர்த்தி) கொஞ்சம் பொறு மாப்பிள்ளை. வேலைகளைத் தள்ளிப்போடாமல் இருப்பது எப்படி என்பதைப் பற்றிய பாட்காஸ்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. இருமடங்கு வேகத்தில் வைத்திருப்பதால் ஐந்தே நிமிடம்தான். முடிந்ததும் உன்னை உட்காரச் சொல்கிறேன்.

மருமகன்: (தானாகவே உட்கார்ந்து) இருமடங்கு வேகத்தில் ஓடவிட்டால் அவர் பேசுவது உங்களுக்குப் புரிகிறதா?

மாமா: முதல் முறை புரியாது. அதற்காகத்தான் எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்கிறேன். ஒரு மணி நேர நிகழ்ச்சியை அரை மணியில் கேட்டு முடித்து, மறுபடியும் அரை மணியில் கேட்டால், ஒரே மணி நேரத்தில் அதை இரண்டு முறை கேட்ட லாபம் கிடைக்கிறதல்லவா?

மருமகன்: சாதாரண வேகத்தில் ஒரு முறை கேட்டாலும் அதே ஒரு மணி நேரம்தானே ஆகும்?

மாமா: அப்படிக் கேட்டால் ஒரு முறைதானே கேட்டதாகும்? கணக்கில் நீ சிறுவயதிலிருந்தே மந்தம்.

மருமகன்: அது போகட்டும். விளக்கை எப்போது மாற்றப் போகிறீர்கள்? மூன்று வாரத்துக்கு முன்பு நான் வந்தபோதும் இருட்டாகத்தான் இருந்தது.

மாமா: நான் மறந்துவிட்டேன் என்றா நினைக்கிறாய்? இதோ, இதில் பதிவாகியிருக்கிறது. பாம் பைலட் என்ற கையடக்கக் கணினி 1996இல் வெளிவந்த பிறகு, அதன் வழியில் வந்த கருவிகளுள் இதுவும் ஒன்று. நாட்குறிப்பு, முகவரி, வேலைப் பட்டியல், குறிப்பேடு என்று நான்கே நான்கு பொத்தான்கள். உன் கைப்பேசியில் நிமிடத்துக்கு நான்கு பேர் கதவைத் தட்டுகிறார்களே, அந்தத் தொல்லை இதில் அறவே கிடையாது. இந்த வகைக் கருவிக்குப் பெயர் வைத்தவர் ஆப்பிள் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜான் ஸ்கல்லி. 1992இலேயே இதைத் தனிப்பட்ட டிஜிட்டல் உதவியாளர் என்று அழைத்தார்.

மருமகன்: உதவியாளர் என்று பெயர் வைத்தவர், யார் யாருக்கு உதவியாளர் என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. சென்ற முறை நான் வந்தபோது நீங்கள்தான் ஒரு மணி நேரம் அதன் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். எங்கே, அந்தப் பட்டியலைக் காட்டுங்கள். (வாங்கிப் பார்த்து) இதில் நாற்பது வேலைகள் இருக்கின்றன. நாற்பதுக்கும் முன்னுரிமை ஒன்று என்று போட்டிருக்கிறீர்களே?

மாமா: ஒன்று முதல் ஐந்து வரை போடலாம்தான். ஆனால் ஒரு வேலைக்கு ஐந்து என்று போட்டால் அதை எந்தக் காலத்திலும் செய்ய மாட்டேன் என்பது எனக்கே தெரியும்.

மருமகன்: ஒன்று என்று போட்டதைச் செய்தீர்களா?

மாமா: இல்லை; ஆனால் செய்யவில்லையே என்ற வருத்தம் இருக்கிறது. ஐந்து என்று போட்டிருந்தால் அதுவும் இருந்திருக்காது.

மருமகன்: சரி, படிக்கட்டு விளக்கு எங்கே இருக்கிறது? "புல் மாற்று" என்று ஒன்று இருக்கிறது, அதற்குக் கீழேயே இன்னொரு "புல் மாற்று" இருக்கிறது. மாடி வீட்டில் புல் எங்கிருந்து வந்தது?

மாமா: அதுதான் விளக்கு. இதில் தமிழில் எழுத முடியாது. ஆங்கில எழுத்துகளில் ஒரே இழுப்பில் எழுத வேண்டும். குறுக்குக் கோடு போடாமல் கூரை மாதிரி வரைந்தால்தான் அது "ஏ" என்று ஏற்றுக்கொள்ளும். "பல்ப்" என்ற சொல்லின் கடைசி எழுத்தில் என் கை சற்று நழுவியதால் அது "புல்" ஆகிவிட்டது. நம்மூர்ப் புல்லா, இங்கிலீஷ் காளையா என்று எனக்கே இரண்டு நாள் குழப்பம். காளைக்குத்தான் புல்லை மாற்ற வேண்டுமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

மருமகன்: இரண்டு முறை ஏன் இருக்கிறது?

மாமா: கணினியில் ஒரு விதமாகவும் கருவியில் வேறு விதமாகவும் ஒரே வேலையைத் திருத்திவிட்டு இரண்டையும் இணைத்தேன். எது சரி என்று தீர்மானிக்கும் பொறுப்பை அது ஏற்றுக்கொள்ளாமல் இரண்டையும் வைத்துக்கொண்டது. அதைச் சரிசெய்வதற்குள் அந்தப் பழைய கணினி போன வாரம் மூச்சை நிறுத்திவிட்டது.

மருமகன்: இந்தத் திருத்தம், இணைப்பு எல்லாவற்றுக்கும் எவ்வளவு நேரம் ஆயிற்று?

மாமா: இரண்டு மாலைப்பொழுதுகள். விளக்கை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்றுதானே அடுத்து கேட்கப் போகிறாய்? இரண்டு நிமிடம். அந்தக் கேள்வியை உன் அத்தை ஏற்கெனவே கேட்டுவிட்டாள். உனக்கு ஒன்று சொல்கிறேன் கேள், பாட்காஸ்டில் கேட்டது. பாம் பைலட்டை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவியைச் செய்வதற்கு முன்பு அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தாராம். யாராவது சந்திக்க நேரம் கேட்டால், கட்டையை எடுத்து அதில் தட்டிப் பார்ப்பது போலப் பாவனை செய்வாராம்.

மருமகன்: உங்களுக்கும் கட்டையே போதுமே, மாமா! அதற்கு பேட்டரியும் வேண்டாம்.

(கருவி கீச்சிடுகிறது.)

மாமா: வாய் வைத்துவிட்டாயே! பேட்டரி தீரப் போகிறது. தீர்ந்துபோனால் நினைவகத்தில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பிரதி எடுக்கக் கணினியும் இல்லை. வாசலில் இருக்கும் டார்ச்சிலிருந்து இரண்டு பேட்டரிகளை எடுத்து வா.

மருமகன்: அந்த டார்ச்சை வரும்போதே அழுத்திப் பார்த்தேன், எரியவில்லை.

மாமா: எப்படி எரியும்? போன வாரம் அதிலிருந்துதானே இதற்கு எடுத்தேன்! மேசையின் இழுப்பறையில் புதியவை இருக்கின்றனவா என்று பார்.

மருமகன்: (துழாவி) இருக்கின்றன. இவற்றுக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டி பிரிக்காத புது பல்ப் ஒன்றும் இருக்கிறதே!

மாமா: "பல்ப் வாங்கு" என்பது தனி வேலை. அதை முடித்து அன்றைக்கே டிக் போட்டுவிட்டேன். "பல்ப் மாற்று" என்பது வேறு வேலை.

மருமகன்: பேட்டரிகளை நீங்கள் மாற்றுங்கள், விளக்கை நான் மாற்றிவிட்டு வருகிறேன்.

மாமா: பழைய பேட்டரிகளைக் கழற்றினால் ஒரு நிமிடம்தான் அது தாக்குப்பிடிக்கும். பேச்சுக் கொடுக்காமல் போ. (கழற்றுகிறார், காதில் ஏதோ விழ, கை நிற்கிறது.) ஆகா, என்ன அருமையாகச் சொன்னார்! இதை இன்னொரு முறை கேட்க வேண்டும். (பாட்காஸ்டைப் பின்னுக்கு நகர்த்துகிறார்.)

(மருமகன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறான். சற்று நேரத்தில் படிக்கட்டு பளிச்சென்று ஒளிர்கிறது. அவன் திரும்பி வரும்போது, பேட்டரிகள் இரண்டும் மாமாவின் இடது கையிலேயே இருக்கின்றன.)

மருமகன்: மாமா, நிமிடம் எப்போதோ கடந்துவிட்டதே!

மாமா: (பதறிப் பேட்டரிகளைச் செருகுகிறார், திரையில், மையத்தைத் தொடுமாறு கேட்கும் ஒரு சிலுவைக்குறி தோன்றுகிறது.) போயிற்று, எல்லாம் போயிற்று... (தொடுகிறார், வேலைப் பட்டியலைத் திறக்கிறார், முகம் மெல்ல மலர்கிறது.) மாப்பிள்ளை, இங்கே வந்து பார். ஒரு வேலைகூட பாக்கியில்லை! இந்தப் பட்டியலை நான் காலியாகப் பார்ப்பது இதுதான் முதல் முறை.

மருமகன்: வாழ்த்துகள். நான் கிளம்பட்டுமா? இப்போது ஏன் எழுதுகோலை எடுக்கிறீர்கள்?

மாமா: "பல்ப் மாற்று" என்று எழுதப் போகிறேன்.

மருமகன்: அதைத்தான் மாற்றியாயிற்றே!

மாமா: அதனால்தான் எழுதுகிறேன். எழுதாமல் எப்படி டிக் போடுவது? (எழுதிவிட்டுத் திரையை உற்றுப் பார்க்கிறார்.) அடடா, மறுபடியும் புல்!