மடு மாதாவும் இடம்பெயர்ந்தவள்தான்

ஆவணித் திருவிழா நெருங்கினால் முகநூல் முழுவதும், இலங்கையின் மன்னார் மாவட்டத்தில் காட்டுக்குள் கோவில் கொண்டிருக்கும் மடு மாதாவின் முடிசூட்டு விழாக் கதைதான். 1924 ஜூலை 2, திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் ஆசீர்வதித்த முடி, திரண்ட சனம். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் மாதாவின் வரலாற்றை முடியிலிருந்து தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மாதாவின் சிலையை, எங்கள் சொல்லில் சொரூபத்தை, சுமந்துகொண்டு காட்டுக்குள் ஓடியவர்களை முதலில் சொல்லுங்கள்.

அந்தச் சொரூபம் மன்னாருக்கு அருகே மாந்தையில் இருந்தது. போர்த்துக்கேயரை வென்ற ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள்; குருவானவருக்கு ஒளிக்க இடம் கொடுத்தால் மரணதண்டனை என்று சட்டம் போட்டார்கள். 1670இல் மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் மாதாவையும் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் நுழைந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்த 700 பேரளவில் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். அப்படி உருவானதுதான் மருதமடு என்கிற இந்த மடுக் கோவில். கோவாவிலிருந்து பிச்சைக்காரர் வேடத்தில் 1687இல் இந்த நாட்டுக்கு வந்த குருவானவர் யோசப் வாஸ் அடிகளாரும் பின்னாளில் இந்தக் காட்டைத்தான் தன் பணிக்குத் தளமாக்கினார். 2015 ஜனவரி 14 காலையில் அவரைக் கொழும்பில் புனிதராக அறிவித்த திருத்தந்தை பிரான்சிஸ், அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார்.

ஓடியவர்களின் கோவில் என்பதால்தான் ஓடியவர்கள் எல்லாரும் அங்கே போனார்கள். யுத்த காலத்தில் கோவில் வளவெங்கும் தறப்பாள் கொட்டில்கள். மடுவுக்குள் எதுவும் விழாது என்று நம்பியிருந்தோம். 1999 நவம்பர் 20 இரவு எறிகணைகள் விழுந்தன. தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 40 பேர் வரை இறந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. இந்த நாளைச் சொல்லாமல் எழுதுகிற மடு வரலாற்றை என்னால் முழுதாக வாசிக்க முடிவதில்லை.

2008 ஏப்ரல் தொடக்கத்தில் சண்டை கோவிலை நெருங்கியபோது குருமார் சொரூபத்தை எடுத்துக்கொண்டு மன்னார்க் கரையோரத்துத் தேவன்பிட்டிக் கோவிலுக்குப் போனார்கள். அந்தச் செய்தி வந்தபோது நாங்களும் மூட்டையோடுதான் இருந்தோம். அம்மம்மா ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: “மாதாவும் வெளிக்கிட்டுவிட்டாவா?” பிறகு செபமாலையை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி இருந்துவிட்டார். ஓகஸ்ட் மாதம் மாதா மடுவுக்குத் திரும்பினார். நாங்கள் திரும்பவில்லை, இன்னும் கிழக்கே போய்க்கொண்டிருந்தோம்.

அம்மம்மாவின் மூட்டையில் ஒரு பால்மா டின் இருந்தது. அதற்குள் சீலைத் துண்டில் முடிந்த மடு மண். பாம்பு தீண்டாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சைவக்காரரும் கேட்டு வாங்குவார்கள். ஒவ்வோர் இடத்திலும் தறப்பாள் கட்டியதும் அவர் இரண்டு விரலால் கிள்ளி நான்கு மூலையிலும் தூவுவார். பாத்திரங்களையும் சைக்கிளையும் வழியில் விட்டோம். அந்த டின்னை அவர் கடைசிவரை விடவில்லை.

இப்போது தென்பகுதியிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வருகிறது. நீர்கொழும்பு, சிலாபத்துச் சிங்களச் சகோதரர்களும் எங்களோடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வரட்டும், மாதா எல்லாருக்கும் தாய். அவர்களுக்கும், அங்கே கூடாரமடித்து விளையாடும் நம் பிள்ளைகளுக்கும், தாங்கள் நிற்கிற மண்ணில் யார் படுத்திருந்தார்கள் என்று நாம்தான் சொல்லவேண்டும்.

அம்மம்மா இப்போது இல்லை. டின் துருவேறி என் அலுமாரியில் இருக்கிறது. மாதா தேவன்பிட்டிக்குப் போன வழியில் நின்றவர்கள், அந்தக் கோவிலில் அவருக்கு முன்னால் முழந்தாளிட்டவர்கள் இதை வாசித்தால், நீங்கள் கண்டதைக் கீழே எழுதுங்கள். இரண்டு வரியானாலும் போதும்.