ஓடிபி சொன்னதும் கையெழுத்துதானாம்

கடன் கொடுத்த கம்பெனி மேல் நுகர்வோர் கமிஷனுக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுப்பது அநேகமாக இதுதான்: "மனுதாரர் படித்து, புரிந்து, சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்." பெங்களூரில் நம் ஆட்கள் இதில் நன்றாக மாட்டுகிறார்கள். ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் தமிழும் கன்னடமும் சரளமாகப் பேசுபவர்கள்தான், ஆனால் நாற்பது பக்க ஆங்கில ஒப்பந்தத்தை யார் படித்தார்கள்? இப்போது பேனாவும் வேண்டாம், "அண்ணே, ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க" என்று ஏஜென்ட் கேட்பார், சொன்னால் முடிந்தது.

ரிசர்வ் வங்கிக்கு இது தெரியும். 2024 ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை விட்டார்கள். அக்டோபர் 1 முதல் புதிதாகக் கொடுக்கும் தனிநபர், சிறுதொழில் கடன்களுக்கு 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற தாளைக் கொடுத்தே ஆக வேண்டும் (கிரெடிட் கார்டுக்கு மட்டும் விலக்கு, ஏன் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்). பிராசஸிங் ஃபீஸ், தலையில் கட்டும் இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்று அதில் இருக்க வேண்டும். வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை அவர் வெளிப்படையாகச் சம்மதிக்காமல் பிடிக்கவும் கூடாது.

இது ஏன் முக்கியம் என்றால், 'ஃபிளாட் 12 சதவீதம்' (அசல் குறைந்துகொண்டே வந்தாலும் கடைசி வரை முழுத் தொகைக்கும் வட்டி) என்று சொல்லி ஒரு லட்சத்தை மூன்று வருடத்துக்குக் கொடுக்கிறார்கள். மாதத் தவணை ஏறக்குறைய 3,778 ரூபாய். குறைந்துவரும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அது 21 சதவீதத்தைத் தாண்டுகிறது.

ஆனால் அதே சுற்றறிக்கை, தாளை விளக்கிச் சொல்லி, "புரிந்துகொண்டேன்" என்று வாங்குபவரிடம் ஒப்புதலும் வாங்கச் சொல்கிறது. நமக்காக வைத்த அந்த வரியே கம்பெனிகளுக்குக் கேடயமாகிவிடும் என்பதுதான் என் பயம். செயலியில் ஒரு டிக், அவ்வளவுதான், விளக்கியதாக ஆகிவிடும்.

மற்ற வாதங்களும் உண்டு. புகார் கொடுப்பதற்கான இரண்டு வருடக் கெடு தாண்டிவிட்டது என்பார்கள், தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் கமிஷன் மன்னிக்கலாம். ஆர்பிட்ரேஷன் ஷரத்தை (தகராறை மத்தியஸ்தரிடம்தான் தீர்க்க வேண்டும் என்ற ஒப்பந்த வரியை) காட்டுவார்கள், அது நுகர்வோர் கமிஷன் கதவை அடைக்காது என்று 2018லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'வியாபாரத்துக்கு வாங்கியது, இவர் நுகர்வோரே இல்லை' என்பது கொஞ்சம் கடினமானது. ரஜினி படம் ஒன்றின் போஸ்ட் புரொடக்‌ஷனுக்குப் பத்து கோடி வாங்கிய விளம்பர நிறுவனம் 2025இல் உச்ச நீதிமன்றத்தில் அப்படித்தான் தோற்றது. அதற்காகப் பிழைப்புக்குத் தள்ளுவண்டி வாங்கியவர் மேலும் அதையே வீசுவது அநியாயம், சுயதொழில் செய்து வயிறு கழுவுபவருக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

இன்னொன்று, "வட்டி அநியாயம்" என்று மட்டும் வாதாடாதீர்கள். வங்கி வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக நீதிமன்றம் கடன் கணக்கை மறுபடி கிளற முடியாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு சொல்கிறது. கிரெடிட் கார்டு வட்டிக்கு 30 சதவீத உச்சவரம்பு போட்ட 2008ஆம் வருடத் தீர்ப்பும் 2024 டிசம்பரில் ரத்தாகிவிட்டது. "எவ்வளவு என்று என்னிடம் சொல்லவில்லை" என்பது வேறு வழக்கு, அதைப் பிடியுங்கள்.

அமெரிக்காவில் 1968ஆம் வருடக் கடன் விவரச் சட்டப்படி, வாங்குபவருக்குக் கொடுத்த தகவலில் பிழை இருந்தால் "தெரியாமல் நடந்தது" என்று சொல்லித் தப்ப நினைக்கும் கம்பெனிதான் அதை நிரூபிக்க வேண்டும், பிழையைத் தடுக்க என்ன ஏற்பாடு வைத்திருந்தது என்றும் காட்ட வேண்டும். இங்கேயும் அப்படிக் கேட்க வேண்டும் என்கிறேன். எந்த மொழித் தாளைக் கொடுத்தாய், எப்போது கொடுத்தாய், யார் விளக்கினார், ஓடிபி எத்தனை நிமிடத்தில் வந்தது? இதற்குப் பதில் இல்லாத கம்பெனியின் 'கையெழுத்து' வாதத்தை ஏற்கவே கூடாது.

பெங்களூரில் கடன் வாங்குகிறீர்கள் என்றால் தாளைத் தமிழில் கேளுங்கள், வாயால் இல்லை, மெயிலில். ஏழு நாளோ அதற்கு மேலோ ஓடும் கடன் என்றால் யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் தர வேண்டும். ஏற்கெனவே சிக்கியவர்கள் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை.