லாரியில வந்த வீடும் விலைச்சீட்டு இல்லாத கடையும்

போன மாசம் புது வீட்டுல பால் காய்ச்சின போட்டோ போட்டேன்ல, அதுல இருந்து இன்பாக்ஸ் பூரா ஒரே கேள்வி. "அது ட்ரெய்லர் வீடா? எவ்ளோ ஆச்சு? டீலர்கிட்ட பேசினா குறைப்பானா?" ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி மாளல, அதனால இங்கயே கொட்டிடறேன். நீளமா போகும், பொறுத்துக்கங்க.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இது அமெரிக்காவுல ஃபாக்டரியிலயே கட்டி முடிச்சு லாரியில இழுத்துட்டு வர்ற வீடு, மேனுஃபாக்சர்டு ஹோம்னு பேர். எங்களுது டபுள்வைடு, அதாவது நீளவாக்குல ரெண்டு பாதியா வரும், அடியில இரும்புச் சட்டம், அதுக்கு அச்சு, சக்கரம் எல்லாம் உண்டு, நம்ம நிலத்துல கொண்டாந்து ரெண்டையும் ஒட்ட வெப்பாங்க, ஒட்டற எடத்துக்குப் பேரே மேரேஜ் லைன். 1976 ஜூன் 15ல இருந்து நாடு முழுக்க இதுக்கு ஒரே கட்டுமான விதி, ஹட்னு சொல்ற மத்திய வீட்டுவசதித் துறை போட்டது, அதுக்கு முன்னாடி வந்ததுதான் மொபைல் ஹோம். இதையெல்லாம் ஊருக்கு போன் போட்டு அம்மாகிட்ட விளக்கோ விளக்குன்னு விளக்கினா அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு, "சக்கரம் வெச்ச வீடா? தேர் மாதிரியா?"

டெக்சாஸ்ல, ஆஸ்டின் ஊருக்குள்ள வீட்டு விலை எங்களுக்கு எட்டல. ஒரு மணி நேரம் தள்ளி ரெண்டு ஏக்கர் வாங்கிப் போட்டிருந்தோம் (அதுக்கு இங்க நம்மாளுங்க பேசின பேச்சு இருக்கே, அது தனிப் பதிவு), அதுல இந்த வீட்ட எறக்கிடலாம்னு முடிவு. டப்பா வீடுதானே, சல்லிசா கெடைக்கும்னு நெனைச்சுடாதீங்க. சென்சஸ் பீரோ கணக்குல 2022லயே புது வீட்டோட சராசரி விலை 1,20,000 டாலரைத் தாண்டியாச்சு, அதுவும் வீடு மட்டும், நிலம் சேத்தி இல்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். இந்த ஊர்ல புதுக் கார் வாங்கப் போனா கண்ணாடியில கம்பெனி விலை ஒட்டியிருக்கும், 1958ல போட்ட சட்டம். 30,000 டாலர் காருக்கு இருக்கற அந்தச் சீட்டு அதைவிட நாலு மடங்கு விலை இருக்கற இந்த வீட்டுக்குக் கிடையாது. ஃபாக்டரி டீலருக்கு என்ன விலைக்குக் குடுத்துச்சுன்னு டீலர் சொல்ல மாட்டான், ஃபாக்டரிக்கே போன் போட்டா "உங்க பக்கத்து டீலரைப் பாருங்க"ன்னு அவன் நம்பரையே திருப்பிக் குடுக்கறாங்க. ஒரே பிளானுக்கு இந்தக் கடையில ஒரு பேர், அடுத்த கடையில வேற பேர். நாமெல்லாம் பேரம் பேசறதுல புலின்னு ஒரு நெனப்பு நமக்கு. காய்கறிக் கடையில பேரம் படியறது நம்ம வாய் சாமர்த்தியத்தால இல்லைங்க, அடுத்த கடையில தக்காளி என்ன விலைன்னு நமக்கும் தெரியும் அந்தம்மாவுக்கும் தெரியும், அதனால. இங்க அது தெரியாது. அந்த அடுத்த கடை விலையக் கண்டுபிடிக்காம டீலர் முன்னாடி போய் உக்காந்தா எவ்ளோ பேசினாலும் அவன் சிரிச்சுக்கிட்டே 2,000 குறைப்பான், நாமளும் ஜெயிச்சுட்டோம்னு வந்துருவோம்.

மூணு டீலர் கடை ஏறி எறங்கினோம், பேரெல்லாம் வேண்டாம். மொத ஆள் காபி குடுத்து உக்கார வெச்சுக் கேட்ட மொதக் கேள்வி, "மாசம் எவ்ளோ கட்ட முடியும்?" எங்க வீட்டுக்காரர் வெகுளியா 1,400ன்னு வாயத் திறந்துட்டார், நான் மேசைக்கு அடியில கால மிதிக்கறதுக்குள்ள. முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் எந்த வீட்டக் காட்டினாலும் 1,400க்குள்ள வருது, எப்படின்னா 20 வருஷக் கடன 25 வருஷம் ஆக்கினா வராம எங்க போகும். மொத்தம் எவ்ளோன்னு நாலு தரம் கேட்டதுக்கப்புறம் "எல்லாம் சேர்த்து 1,89,000, சாவி வாங்கிட்டுக் குடி போக வேண்டியதுதான்"ன்னார். பிரிச்சு எழுதிக் குடுங்கன்னேன். எங்க கடையில அப்படி வழக்கமில்ல, பேக்கேஜ்தான்னார். இந்த விலைக்கு இன்னைக்கு மட்டும்தான் கேரண்டி, 1,000 டாலர் டெபாசிட் போட்டா பிடிச்சு வெக்கறேன்னும் சொன்னார். டெபாசிட் திரும்ப வருமான்னு கேட்டேன், கண்டிப்பா வரும்னார், அத இந்தத் தாள்ல எழுதுங்கன்னேன், எழுதல, கெளம்பிட்டோம்.

ரெண்டாவது டீலர்கிட்ட நேர்ல போகவே இல்ல, ஈமெயில்தான். வீட்டுக்குத் தனியா, மத்த ஒவ்வொண்ணுக்கும் தனியா விலை போட்டா மட்டும் வரேன், இல்லன்னா வேண்டாம்னு எழுதினேன். நாலு நாள் சத்தமில்ல. அஞ்சாம் நாள் வந்துச்சு. லாரியில கொண்டாந்து நிறுத்தறது உட்பட வீடு 1,34,900, ஏசி 6,800 (ஆமாங்க, டெக்சாஸ்ல விக்கற வீட்டுக்கு ஏசி தனி), அடியில சுத்தி அடைக்கற ஸ்கர்ட்டிங்கும் படிக்கட்டும் 5,400, செப்டிக் டேங்க் 19,500, வீடு நிக்கற மண் மேடை 8,500, கரண்ட் இழுக்கறது 4,900. கூட்டினா 1,80,000.

இதக் கையில வெச்சுக்கிட்டு டீலர்கிட்ட பேசவே இல்ல. பக்கத்து நிலத்துக்காரர் ஒரு பெரியவர், அவர் யார் யார்கிட்ட வேலை வாங்கினார்னு கேட்டு அந்த ஆளுங்களுக்கே போன் போட்டோம். லைசென்ஸ் இருக்கற செப்டிக் காரர் 13,200க்கு ஒத்துக்கிட்டார். மேடைக்கு 5,000. எலக்ட்ரீஷியன் 3,600. வீட்டு விலையப் பத்தி ஒரு வார்த்தை பேசாமலே 11,100 டாலர் குறைஞ்சுது. டீலரும் இதே மாதிரி ஆளுங்களத்தான் கூப்பிடறான், நடுவுல அவன் பங்கு. அது தப்புன்னு சொல்லல, அலையறது மிச்சம்னு நெனைச்சா தாராளமா குடுங்க, நாங்க அலைஞ்சோம், மழையில மேடை கரைஞ்சு ஒரு வாரம் லேட்டாச்சு, எங்க வீட்டுக்காரர் ரெண்டு நாள் என்கூட பேசல. ஆனா குடுக்கறது எவ்ளோன்னு தெரிஞ்சு குடுக்கணும்.

அளவுலயும் ஒரு கூத்து இருக்கு. பேப்பர்ல 28க்கு 60ன்னு போட்டிருக்கும், மனசுல 1,680 சதுர அடின்னு கணக்குப் போட்டுக்கிட்டுப் போவோம். நான் பழக்கதோஷத்துல டேப் எடுத்துட்டுப் போயிருந்தேன், நீளம் 56 அடிதான் வருது. மிச்ச 4 அடி எங்கன்னா, லாரியில மாட்டி இழுக்கற இரும்புக் கொக்கி! அதையும் சேர்த்துச் சொல்றதுதான் இந்தத் தொழில்ல வழக்கமாம், வீட்ட நிறுத்தினதும் அதக் கழட்டிருவாங்க. அகலமும் 28 இல்ல, 26 அடி 8 அங்குலம். ஆக உள்ள 1,493. ஒரு நல்ல பெட்ரூம் அளவு காத்துல போச்சு. கடைக்குக் கடை சதுர அடிக் கணக்குல ஒப்பிடறவங்க எந்த அளவ வெச்சுப் பேசறோம்னு பாத்துக்கங்க. இந்த அளவையும் பிரவுச்சர்ல இருந்த மாடல் நம்பரையும் வெச்சுத்தான் மூணு கடையிலயும் மூணு பேர்ல நிக்கறது ஒரே வீடுன்னு கண்டுபிடிச்சோம். அப்பதான் எங்களுக்கு அடுத்த கடைத் தக்காளி விலை தெரிஞ்சுது.

மூணாவது கடையில அந்த வீடே டிஸ்ப்ளேக்கு நின்னுச்சு, விலை 1,31,500. சேல்ஸ்மேன் சமையலறை விளக்கையெல்லாம் போட்டுக் காட்டிட்டிருந்தார், நான் பெட்ரூம் அலமாரிக்குள்ள தலைய விட்டேன். ஒவ்வொரு வீட்டுலயும் உள்ள ஒரு தாள் ஒட்டியிருப்பாங்க, டேட்டா பிளேட்னு பேர், சமையலறை கபோர்டுலயோ அலமாரியிலயோ இருக்கும். எந்த ஃபாக்டரி, சீரியல் நம்பர், எந்தக் காத்து மண்டலத்துக்கு, அதாவது எவ்ளோ வேகமான புயல் காத்துக்குத் தாங்கும், எல்லாம் அதுல உண்டு. (கால்வெஸ்டன் கடற்கரைப் பக்கம் நிலம் வாங்கியிருக்கற தோழிக்கு: உங்களுக்கு ரெண்டாம் மண்டல வீடுதான் வேணும், கடலுக்குத் தள்ளி உள்ள நிக்கற ஒண்ணாம் மண்டல வீட்ட மலிவா தரேன்னா மயங்கிடாதீங்க.) அந்தத் தாள்லயே தயாரிச்ச தேதியும் இருக்கு. பாத்தா பதினாலு மாசம் ஆச்சு. டீலருங்க பெரும்பாலும் இந்த வீடுகள சொந்தக் காசுல வாங்கி நிறுத்தறதில்ல, ஃப்ளோர் பிளான்னு ஒரு கடன் வாங்கி நிறுத்தறாங்க, வீடு நிக்க நிக்க வட்டி ஓடும். வெளிய வந்து "பதினாலு மாசமா நிக்குது போல"ன்னு மட்டும் கேட்டேன். அவர் சிரிப்பு அப்படியே நின்னுச்சு. மேனேஜரப் பாத்துட்டு வரேன்னு போனார், வந்தார், மறுபடி போனார். நாங்க ரெண்டாவது டீலர் மெயிலக் காட்டிட்டுக் கெளம்பிட்டோம். மாசக் கடைசி சனிக்கிழமை அவரே போன் பண்ணினார், ஏசியும் ஸ்கர்ட்டிங்கும் படிக்கட்டும் சேர்த்து 1,19,000.

வாங்கிட்டோம். ஆனா டிஸ்ப்ளே வீடுன்னா கலர் நம்ம இஷ்டம் இல்ல, கார்ப்பெட்டுல ஊரே நடந்திருக்கும், சுவர் ரெண்டுக்கு நாலு அங்குலக் கட்டையில இருந்துச்சு. ரெண்டுக்கு ஆறு சுவர் போட்டு ஆர்டர் குடுத்திருந்தா உள்ள இன்சுலேஷன் இன்னும் கெட்டியா போட்டிருப்பாங்க. இப்ப இந்த வெயிலுக்கு ஏசி ஓயாம ஓடறப்போ எங்க வீட்டுக்காரர் என்னப் பாப்பார், நான் வேற பக்கம் பாப்பேன். புதுசா ஆர்டர் குடுக்கறவங்க விலையில 3,000 குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டறதுக்குப் பதிலா அந்தக் காசுக்குச் சுவரையும் ஜன்னலையும் கேளுங்க, பின்னாடி மாத்தறது நடக்கற காரியமில்ல. ஆர்டர் குடுத்த நாளைக்கும் கட்டற நாளைக்கும் நடுவுல ஃபாக்டரி விலை ஏத்தினா யார் தலையில விழும்னும் எழுதி வாங்குங்க.

கடன் பத்திக் கொஞ்சம். டீலர் கை காட்டற கம்பெனியிலதான் வாங்கணும்னு சட்டம் இல்ல. இந்தத் தொழில்ல கட்டறவங்க, விக்கறவங்க, கடன் குடுக்கறவங்க ஒரே குடும்பமா இருக்கறது சகஜம், 2003ல வாரன் பஃபெட்டோட பெர்க்ஷயர் வாங்கின, இந்த வீடுகளக் கட்டற கிளேட்டன் குழுமத்துலயே ரெண்டு கடன் கம்பெனி இருக்கு, வாண்டர்பில்ட், ட்வென்ட்டி ஃபர்ஸ்ட். வீட்ட மட்டும் கார் மாதிரி அசையும் சொத்தா வெச்சுத் தர்றது சாட்டல் லோன், வட்டி கூட. நிலம் எங்களுது, வீட்ட நிலத்தோட சேர்ந்த சொத்துன்னு பதிஞ்சுட்டு க்ரெடிட் யூனியன்ல, நம்மூர் கூட்டுறவு பேங்க் மாதிரி, மார்ட்கேஜா, அதாவது அடமானக் கடனா வாங்கினோம், ஒண்ணே முக்கால் சதவீதம் கம்மி. வீட்டு விலையில பேசிக் குறைச்சதெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

கையெழுத்துப் போட்டாச்சு, பேரம் முடிஞ்சுதுன்னு நெனைச்சேன். இல்லைங்க. வீட்ட எறக்கி ஒட்டினதுக்கப்புறம் வேலை முடிஞ்சுதுன்னு நாம ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டாத்தான் பேங்க்ல இருந்து டீலருக்குப் பணம் போகும். அந்தத் தாளுக்காக சேல்ஸ்மேன் தெனம் போன். "இன்னைக்குப் போட்டுருங்க மேடம், சின்னச் சின்ன வேலைய அடுத்த வாரம் ஆளுங்க வந்து பாத்துருவாங்க." ஹால்ல அண்ணாந்து பாத்தா மேரேஜ் லைன்ல என் சுண்டு விரல் நுழையற அளவுக்கு இடைவெளி, பெட்ரூம் கதவு சாத்தினா தானா திறந்துக்குது, பின்பக்கம் ஸ்கர்ட்டிங்கே இல்ல, நாய் உள்ள போய்ப் படுத்துருக்கு. பதினோரு குறை எழுதி போட்டோவோட அனுப்பினேன், பதினொண்ணும் முடிஞ்சா அடுத்த நிமிஷம் கையெழுத்துன்னேன். மூணு வாரம் போன்ல அழுதார், அப்புறம் ஒரே நாள்ல நாலு பேர் வந்து முடிச்சுட்டுப் போனாங்க. பணம் அவன் கைக்குப் போயிருந்தா அந்த நாலு பேர நான் எங்க போய்த் தேடுவேன். அதுக்கப்புறம் வர்ற குறைக்கும் வழி இருக்கு, வீட்ட நிறுத்தி ஒரு வருஷத்துக்குள்ள எழுத்துல சொல்லி வெச்சா ஃபாக்டரி, டீலர், நிறுத்தினவங்க மூணு பேர்ல யார் சரி பண்ணணும்னு பஞ்சாயத்து பண்ண ஏற்பாடு இருக்கு. ஒரு வருஷம்ங்கறத காலண்டர்ல குறிச்சு வெச்சிருக்கேன்.

கிரகப்பிரவேசத்தன்னைக்கு அம்மா வீடியோ கால்ல இருந்தாங்க. வாசல் நிலைய நல்ல நேரம் பாத்து வெச்சாங்களான்னு கேட்டாங்க, ஃபாக்டரியில எந்த நேரத்துல வெச்சானோன்னு சமாளிச்சேன். அப்புறம் கேமராவ வீட்டுக்கு அடியில காட்டி, பாருங்கம்மா, இப்ப தேர் இல்ல, சக்கரம், அச்சு எல்லாத்தையும் கழட்டி டீலரே லாரியில போட்டு எடுத்துட்டுப் போயிட்டார்னேன். எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவார்னாங்க. திரும்ப ஃபாக்டரிக்கே வித்துருவாராம், அடுத்த வீட்டுக்கு மாட்டுவாங்களாம்னேன்.

"சரி, அதுக்கு எவ்ளோ கழிச்சான்?"