கஞ்சாவை அனுமதித்ததால் ஓபியாய்டு சாவு குறைந்ததா?

"அமெரிக்காவில் போதைக்காகக் கஞ்சா புகைப்பதை அனுமதித்த மாநிலங்களில் ஓபியாய்டு சாவு 25% குறைந்தது" என்ற செய்தி சுற்றுகிறது. (ஓபியாய்டு என்றால் அபின் வகை வலி மருந்துகளும் போதைப்பொருள்களும்; அளவு மீறினால் உயிர் போகும்.) தவறு. அந்த எண் 2014இல் வந்த ஆய்வில் இருக்கிறது. ஆனால் அது பார்த்தது 1999 முதல் 2010 வரை, மருத்துவக் கஞ்சாவை மட்டும். போதைக் கஞ்சாவுக்கு கொலராடோவும் வாஷிங்டனும் வாக்களித்ததே 2012இல்தான்.

சரி, அப்புறம் என்ன ஆனது? அதே கணக்கை 2017 வரை நீட்டிப் பார்த்தார்கள். 2019இல் வந்த முடிவு தலைகீழ்: சாவு சுமார் 23% அதிகம்! அதற்காகக் கஞ்சாதான் கொன்றது என்றும் சொல்லக் கூடாது. இடையில் ஃபென்டனில் என்ற மிக வீரியமான ஓபியாய்டு தெருவெல்லாம் பரவிவிட்டது. மாநில சராசரியை வைத்து, ஒரு நோயாளி வலி மாத்திரையை விட்டுக் கஞ்சாவுக்கு மாறினாரா என்று கண்டுபிடிக்கவே முடியாது. வலி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்தச் செய்தியை ஃபார்வர்டு செய்யாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.