எட்டு மணி என்றால் எத்தனை மணி?

மியூனிக்கில் படிக்க வந்த நாள் முதல் இதே கூத்துதான். சனிக்கிழமை மலைக்குப் போகலாம் என்றால் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்குவார்கள். விடிந்தால் ஒருவன் போனை எடுக்க மாட்டான். ஐந்து பேர் சேர்ந்து போகும் பவேரியா மாநில ரயில் டிக்கெட்டில் அந்தத் துரையின் பெயரையும் எழுதித் தொலைத்தாயிற்று. மலையடிவார ஊரான கார்மிஷுக்குப் போகும் ரயில் கண்ணெதிரே கிளம்பும். அடுத்த ரயில் வரும்வரை நடைமேடையில் விறைக்க வேண்டியதுதான். அப்போது வருவார் மகாராஜா, கையில் காபி, காலில் வெள்ளைத் துணிக் காலணி! 2,962 மீட்டர் உயர சுக்ஸ்பிட்ஸ மலை உச்சியில் பனி இருக்குமா என்று கேள்வி வேறு. இல்லை ஐயா, மணல் கொட்டி வைத்திருக்கிறார்கள்! மேலே போனதும் பல் கிடுகிடுக்கும். என் கையுறைதான் அவருக்கு வேண்டும். டிக்கெட் பணத்தைக் கேட்டால் மட்டும் "அப்புறம் தருகிறேன்." அந்த அப்புறம் எந்தக் கிழமையில் வருகிறது?