உறைந்த தேன் கலப்படத் தேனா?

‘தேன் உறைந்துபோனால் அது சர்க்கரைப் பாகு கலந்த போலி’ என்று பரவும் தகவல் தவறு. சுத்தமான தேனும் உறையும். தேனில் தண்ணீர் சுமார் 18 சதவீதம்தான். அவ்வளவு குறைந்த நீரில், தேனில் உள்ள குளுக்கோஸ் என்ற சர்க்கரை முழுவதும் கரைந்து நிற்க முடியாது. மகரந்தத் துகளைப் பற்றிக்கொண்டு படிகமாகிவிடும். அடியில் வெள்ளையாகத் தங்கி, நாக்கில் நறநறப்பது அதுதான். 14 டிகிரி செல்சியஸ் அருகே இது வேகமாக நடக்கும். பிரக்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரை கூடுதலான தேன் மாதக்கணக்கில் இளகியே இருக்கும்.

நல்ல தேனைத் தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள்! மூடியைத் தளர்த்தி, 40 டிகிரி வெந்நீரில் பாட்டிலை அரை மணி நேரம் வையுங்கள். இளகாவிட்டால் வெந்நீரை மாற்றி மறுபடி வையுங்கள். அடுப்பில் நேரடியாகக் கொதிக்கவிட்டால் மணமும் நொதிகளும் போய்விடும். தண்ணீரில் சொட்டுவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது போன்ற வீட்டுச் சோதனைகளையும் நம்பாதீர்கள். கலப்படத்தை ஆய்வகச் சோதனைதான் உறுதிசெய்யும்.